ஒரு கேளையாட்டுக்கு நாங்கள் செய்த உதவி

ஏற்காட்டில் வசந்தம் என்று தனியாக ஒன்று கிடையாது. மாசியில் பனி விலகும், வெயில் ஏறும், நடுவில் ஒரு மழை பெய்தால் காப்பி பூக்கும். அவ்வளவுதான். ஆனால் எண்பதுகளில் நான் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த சேலத்து நாளிதழுக்கு ஆண்டுதோறும் பங்குனி பிறந்ததும் ஒரு வசந்தம் தேவைப்பட்டது. கோடை மலருக்கு அது இல்லாமல் முடியாது. அந்த வசந்தத்தில் மான்கள் இருக்க வேண்டும், அவை துள்ள வேண்டும், கூட்டமாகத் துள்ளினால் இன்னும் நல்லது.

"மானு இல்லாம மலையப் பத்தி என்னய்யா எழுதுவ?" என்று செய்தி ஆசிரியர் தொலைபேசியில் கேட்பார்.

நான் குடியிருந்த இடத்தில் மான் இருந்தது. துள்ளத்தான் இல்லை. கிளியூர் போகும் சாலையில், ஒரு காப்பி எஸ்டேட்டின் ஓரத்தில் வாடகை வீடு. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் காப்பிக்காடு. செடிக்கு நிழல் தருவதற்காகக் கல்யாண முருங்கையும் சில்வர் ஓக்கும் பலாவும் நின்றன. அந்த நிழலில் நடமாடிய ஒரே மான் கேளையாடு. பெயரில் ஆடு. குரல் நாயுடையது. உயரம் முழங்காலுக்குச் சற்று மேலே. நிறம் செங்கல்லை ஒத்தது. கோடை மலரின் அட்டைக்கு எந்த வகையிலும் பொருந்தாத பிராணி.

வந்த முதல் வருடம் அது குரைப்பதைக் கேட்டு, யாரோ நாயைக் கட்டிப்போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போய் நாய் யாருடையது என்று விசாரித்தேன். தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் அந்த லைனில் என் கேள்வி ஒரு வாரத்துக்குப் பேச்சானது. "அது நாயில்லீங்க சார், கேளைங்க. பேப்பர்ல இருக்கறீங்க, இது தெரியலீங்களா?" என்று சின்னக் குழந்தைகள்கூடக் கேட்டன. நான் கற்றுக்கொண்டேன். இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது லைன் மக்கள்தான் என்பதை இங்கே பதிவு செய்வது அவசியம்.

அதன் பிறகு கொல்லைச் சுவருக்கு மேலாக அந்தக் குடும்பத்தைக் கவனிப்பது பழக்கமாயிற்று. குடும்பம் என்று சொல்வது மரியாதைக்குத்தான். பெட்டை தனியாக இருக்கும், கிடா தனியாக இருக்கும். கல்யாண முருங்கை தன் சிவப்புப் பூக்களைக் கீழே கொட்டும் காலத்தில் பெட்டை வரும். அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொரு பூவாகப் பொறுக்கும். நடுவில் தலையைத் தூக்கி, எதுவும் இல்லாத திசையைச் சந்தேகத்தோடு பார்க்கும். தின்று முடித்ததும் நாக்கை நீட்டித் தன் கண்ணையே துடைத்துக்கொள்ளும். அந்த நாக்கு அத்தனை நீளம். இதை ஒரு வருடம் விரிவாக எழுதி அனுப்பினேன். "துள்ளும் மான்கள்" என்ற தலைப்பில், ஏதோ ஒரு பூங்காவின் புள்ளிமான் படத்தோடு வெளியாயிற்று. நாக்கு நீக்கப்பட்டிருந்தது.

கிடாவின் முகத்தில் கொம்படியிலிருந்து மூக்கை நோக்கி இரண்டு கறுப்புக் கோடுகள் இறங்கும். அதனால் எப்போதும் யாரோ தன்னை மதிக்கவில்லை என்ற பாவனை. மேல்தாடையிலிருந்து இரண்டு கோரைப்பல் வெளியே தெரியும். அந்தப் பருவத்தில் அதன் வேலை மரங்களைக் கீழ்ப்பல்லால் சுரண்டி, நெற்றியைத் தேய்த்து, இது என் இடம் என்று அறிவிப்பது. இன்னொரு கிடா அதே மரத்தில் வந்து அதையே அறிவிக்கும். சண்டை வந்தால் நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் முடிந்துவிடும். பெட்டை குட்டி போட்ட சில நாட்களிலேயே கிடா மறுபடியும் தரையை மோந்துகொண்டு அதன் பின்னால் போகும். குட்டி பிறந்த செய்தி அதற்கு எட்டியதாகத் தெரியவில்லை.

குட்டியை வளர்ப்பதில் பெட்டைக்கு ஒரே ஒரு முறைதான் உண்டு. அடர்ந்த இடத்தில் குட்டியைக் கிடத்திவிட்டு அதனிடமிருந்து விலகிப் போய்விடும். பால் கொடுக்க மட்டும் வரும், மறுபடியும் போய்விடும். தான் பக்கத்தில் நின்றால் தன் வாசனை குட்டியைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் அப்படி. குட்டியின் பங்கு அசையாமல் கிடப்பது. காலடி பக்கத்தில் விழுந்தாலும் அது எழுந்து ஓடாது. இதெல்லாம் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் எதிராகக் காலம் காலமாகப் பலித்து வந்த ஏற்பாடு. இரக்கமுள்ள மனிதர்களை அந்த ஏற்பாடு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி காப்பிப் பூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை பெய்து மொட்டு வெளுக்கத் தொடங்கிய நாளிலிருந்து பூ கருகிப் பிஞ்சு பிடிக்கும் வரை காப்பிக்காட்டுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. தோள் உரசினால் பூ உதிரும், பூ உதிர்ந்தால் காய் இல்லை. களை எடுப்பது, கிளை கழிப்பது, உரம் வைப்பது எல்லாம் நின்றுபோகும். ஆட்களைக் கல் ரோடு செப்பனிடவும் காப்பி உலர்த்தும் களத்தைப் பூசவும் அனுப்பிவிடுவார்கள். வருடம் முழுவதும் பேச்சும் கத்தியுமாக இருக்கும் காடு அந்தச் சில நாட்கள் மட்டும் வெறிச்சோடிக் கிடக்கும். ஒரு பெட்டைக் கேளை அந்த நாட்களைப் பார்த்துத் தன் குட்டியை அங்கே கொண்டுவந்து கிடத்தியது. எஸ்டேட் ஆபீஸ் உத்தரவை அந்தப் பகுதியில் முழுமையாக நம்பிய உயிர் அது ஒன்றுதான்.

ஏனென்றால் காட்டின் நடுவே ஒரு வழி இருந்தது. லைன் வீடுகளிலிருந்து நேராக மெயின் ரோட்டுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை. கிறிஸ்தவக் கோயிலும் பஸ் நிறுத்தமும் மெயின் ரோட்டில். எஸ்டேட் ரோட்டில் மலையைச் சுற்றிக்கொண்டு போனால் வாழவந்தி பஸ் போய்விடும். எனவே பூ நிற்கிற நாட்களிலும் எல்லோரும் அந்த வழியில்தான் போனார்கள், சேலையை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு, பூவுக்கு மரியாதை கொடுத்து, பக்கவாட்டில் நடந்து. ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் ரைட்டரும் பீடி வாங்க அதே வழியில்தான் வந்து போனார். அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாதவர் எஸ்டேட் மேனேஜர் ஒருவர்தான். வெள்ளைக்காரர்கள் போய் ஒரு தலைமுறை ஆகியும் மேனேஜர் அங்கே துரைதான். இந்தத் துரை நாமக்கல் பக்கத்துக்காரர்.

அந்த வருடம் தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை. மொட்டு வெளுத்துவிட்டது, காட்டுக்குள் போகத் தடை அன்று காலைதான் சொல்லப்பட்டது. மாலையில் கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து லைனைச் சேர்ந்த ஒரு பெண் அந்த வழியில் திரும்பிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். மூன்று பிள்ளைகள், கடைசி அப்போதுதான் பால் மறந்திருந்தது. பாதை ஓரத்தில், பெரிய பலாமரத்தின் கீழ் நின்ற ஒரு காப்பிச் செடியின் அடியில், சருகோடு சருகாக, புள்ளி புள்ளியாக ஏதோ கிடந்தது. பூனை அளவு. கண் திறந்திருந்தது, உடம்பு அசையவில்லை. சுற்றிலும் தாயைக் காணோம். ஒரு மணி நேரமாக ஆண்டவரின் பாடுகளைப் பதினான்கு இடங்களில் நினைத்து அழுதுவிட்டு வந்தவளுக்கு இதைத் தாண்டிப் போக முடியவில்லை. முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டு வாசலில் கூட்டம் கூடிய பிறகுதான் அவளுக்குத் தான் எங்கிருந்து வந்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

"எங்க கெடந்துச்சு?" என்று ரைட்டர் கேட்டார்.

"ஓடைக்கிட்டங்க" என்றாள்.

ஓடை என்பது லைனுக்கு மறுபுறம், வெள்ளக்கடை போகும் சரிவில் இருக்கிறது. கோயிலிலிருந்து வருகிற யாரும் ஓடைப் பக்கம் போகத் தேவையே இல்லை. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ரைட்டருக்கு மிக நன்றாகத் தெரியும். "ஓடைக்கிட்டயா, சரி சரி" என்று அவர் சொன்னதும் அது உண்மையாகிவிட்டது. அவள் காப்பிக்காட்டுக்குள் நடந்தாள் என்று ஆகிவிட்டால் வழி துரைக்குத் தெரியும், துரைக்குத் தெரிந்தால் கம்பி வேலி வரும், அப்புறம் எல்லோரும் மலையைச் சுற்ற வேண்டும். ஒருவரும் மற்றவரிடம் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை. சங்கத் தேர்தலில்கூட அந்த லைனில் இத்தனை ஒற்றுமையை நான் கண்டதில்லை.

சனிக்கிழமை காலை நான் போனபோது குட்டியைச் சுற்றி அரை லைன் உட்கார்ந்திருந்தது. ஆட்டுப்பால் வந்திருந்தது. ராகிக் கூழ் வந்திருந்தது. ஒருவர் குளுக்கோஸ் பிஸ்கட்டைப் பாலில் நனைத்துத் தயாராக வைத்திருந்தார். பெயரும் வைத்தாகிவிட்டது. குட்டி எதையும் தொடவில்லை. அதன் வாயில் ஊற்றிய பால் கழுத்து வழியாக இறங்கித் துண்டில் சேர்ந்தது.

"குடி சாமி, குடி கண்ணு" என்று அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"நீ இப்புடி மூஞ்சிய மூஞ்சிய வெச்சீன்னா அது எப்புடி குடிக்கும்? பயப்படாது?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சொல்லிவிட்டுத் தன் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அவள் இந்த லைனின் வாய். எந்த விஷயமும் அவளைக் கடந்துதான் வெளியே போகும்.

"தாய்கிட்டயே கொண்டுபோய் வுட்டா என்னங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"மனுசங்க கை பட்டா சேத்துக்காதுங்க" என்றார் இன்னொருவர்.

"நீங்க வேற. அது கேளைங்க, உங்க சம்பந்தியா, சேத்துக்காம இருக்க?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அதோடு குட்டியைத் தாயிடம் சேர்ப்பது என்று முடிவாயிற்று. எங்கே கிடந்ததோ அங்கே. அதாவது ஓடையில்.

அதன் பிறகு நடந்தது ஓர் ஊர்வலம். முன்னால் அவள், கையில் துண்டில் சுற்றிய குட்டி. பின்னால் ரைட்டர், அவருக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர். ரோட்டு வேலையும் களத்து வேலையும் திங்கள்தான் தொடங்கும் என்பதால் வேலை இல்லாத சனிக்கிழமை. சிலர் பொரியும் கடலையும் எடுத்து வந்தார்கள். ஓடைக்கரையில் ஒரு புதரடியில் குட்டியை வைத்துவிட்டு, தாய் வருவதைப் பார்ப்பதற்காக எல்லோரும் எதிர்க்கரையில் வசதியாக உட்கார்ந்தார்கள். ஆள் வாடை இருந்தால் கேளை வராது என்று ஒருவர் நினைவூட்டினார். அது நியாயமாகப் பட்டதால் எல்லோரும் ஒரு கஜம் பின்னால் தள்ளி உட்கார்ந்தார்கள்.

அப்போது மேலே, என் வீட்டுப் பக்கமிருந்து, குரைக்கும் சத்தம் கேட்டது. ஒரு குரைப்பு, இடைவெளி, இன்னொரு குரைப்பு. வெள்ளி இரவு தொடங்கியது, காலையிலும் நிற்கவில்லை. என் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம், காப்பிக்காட்டின் நடுவிலிருந்து வந்தது.

"கேளை மேல காப்பிக்காட்டுல கத்துது" என்றேன்.

நாற்பது பேரும் ஓடையைப் பார்த்தார்கள்.

"அது நாயிங்க சார்" என்றார் ரைட்டர்.

"நாயா?"

"எஸ்டேட் நாயிங்க. ராத்திரிலருந்து கத்துது. யாரோ கட்டிப்போட்டுட்டு ஊருக்குப் போயிட்டாங்களாட்ட இருக்குது."

"நொம்பக் கெட்ட நாயிங்க அது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, என் முகத்தை நேராகப் பார்த்து.

எனக்குக் கேளையின் குரலைக் கற்றுக்கொடுத்தவர்கள் அதை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வாதாடிப் பார்த்தேன். நாய் தொடர்ந்து குரைக்கும், கேளை விட்டுவிட்டுக் குரைக்கும் என்றேன். "எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார்கள். தெரியும் என்பதுதான் சிக்கல். குட்டியைத் தூக்கிய பெண் மட்டும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஒவ்வொரு குரைப்புக்கும் அவள் தோள் லேசாக அசைந்தது.

வெயில் உச்சிக்கு வரும் வரை தாய் ஓடைக்கு வரவில்லை. வராததற்குக் காரணம் தாய்ப்பாசம் இல்லாதது என்று முடிவு செய்தார்கள். "காலம் அப்புடி. மிருகமும் மாறிப்போச்சு" என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். குட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பொரி தீர்ந்த கையோடு கூட்டம் கலைந்தது. போகும்போது குட்டியின் தலை துண்டுக்கு வெளியே தொங்கியது. காலையில் அது தலையை நிமிர்த்தித்தான் வைத்திருந்தது.

பிற்பகலில் அவள் என் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்தாள். குட்டி இடுப்பில், பிள்ளை மாதிரி. என்னைப் பார்க்க வந்ததாகத் தோன்றவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட குரலுக்குப் பக்கத்தில் வந்திருந்தாள்.

"ஏனுங்க, அது எத்தன நேரம் கத்துமுங்க?"

"நாய்தானே. கத்தட்டும்" என்றேன்.

"வுடுங்க சார். நீங்க வேற." சற்று நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். "நேத்து சாயங்காலத்துலருந்து பால் குடுக்கலைங்க அது. மடி கட்டியிருக்குமுங்க. கல்லாட்ட. எனக்குப் பெரியவன் பொறந்தப்ப ஆசுபத்திரியில பாப்பாவ ஒரு நாள் தனியா வெச்சுட்டாங்க. நெஞ்சு நெருப்பாட்ட இருந்துச்சுங்க. காச்சலே வந்துருச்சு. இது வாய் தொறந்து சொல்லுமுங்களா?"

 அவள் குட்டியின் வாயருகே விரலை வைத்தாள். அது விரலைச் சப்பவில்லை.

"இந்த வழியா இப்பவே உள்ள போய் வெச்சுட்டு வந்துட்டா என்ன?" என்று கேட்டேன்.

"வெச்சாச்சுன்னா அத்தன பேரும் பாக்க வந்துருவாங்கல்லீங்க? வழியெல்லாம் ஆளு நிப்பாங்க. அது எப்புடி வரும்?" அவள் துண்டைச் சரி செய்தாள். "அந்தாளு சொன்னாத்தான் நிப்பாங்க."

அந்தாளு என்றால் துரை. அவள் பங்களாவை நோக்கி நடந்தாள். செய்தி போகிற பக்கம் போவது பழக்கமாகிவிட்டதால் நானும் போனேன். வழியில் அவளைப் பார்த்த ரைட்டரின் முகம் மாறியது. அவரும் வந்தார்.

துரை வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். துண்டுக்குள் இருப்பது என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். எங்கே எடுத்தாய் என்று கேட்டார்.

"காப்பிக்காட்டுக்குள்ளங்க தொர. பெரிய பலாமரத்துக்குக் கீழ."

துரை கோப்பையைக் கீழே வைத்தார். "எப்ப?"

"நேத்து சாயங்காலமுங்க."

"மொட்டு வெளுத்துருச்சு, யாரும் போகக்கூடாதுன்னு சொன்னது எப்ப?"

"நேத்துக் காலையிலங்க."

"அப்புறம் எப்படிம்மா போன?"

"வழியிருக்குதுங்க."

"வழியா?" துரை ரைட்டரைத் திரும்பிப் பார்த்தார். "என்ன வழி?"

"அடக் கடவுளே, எனக்கே இப்பத்தானுங்க தெரியுது" என்றார் ரைட்டர். அவருடைய செருப்பில் அந்த வழியின் செம்மண் ஒட்டியிருந்தது.

"அதுல யாரெல்லாம் போறாங்க?"

நான் அவளைப் பார்த்தேன். ரைட்டர் என்னைவிட உன்னிப்பாகப் பார்த்தார்.

"நான் மட்டுந்தானுங்க" என்றாள்.

பின்னர் துரை போய்ப் பார்த்தபோது, ஒற்றைப் பெண் தனியாக நடந்து நடந்து கணுக்கால் ஆழத்துக்கு வழி தேய்ந்திருந்தது. அவர் அதைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்கவில்லை. ஒருவேளை விசாரித்தால் திங்கட்கிழமை களத்துக்கு ஆள் இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

தீர்ப்பு உடனே கிடைத்தது. அவளுக்குப் பூ கருகும் வரை வேலை கிடையாது. வழியை நாளை விடிந்ததும் கம்பி போட்டு அடைக்க வேண்டும். குட்டியை என்ன செய்வது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அவள்தான் கேட்டாள்.

"இதக் கொண்டுபோய் வெச்சுட்டு வந்தர்றனுங்க."

"மறுபடியும் பூவுக்குள்ள போறேங்கறியா?"

"இது செத்துப்போயிருமுங்க தொர. அதுவும் கத்திட்டே உள்ளயே சுத்தும். பூவெல்லாம் கொட்டுமுங்க."

இந்தக் கடைசி வாக்கியம் தேவையானதைச் செய்தது. துரை ஒரு கணம் காதைக் கொடுத்துக் கேட்டார். தூரத்தில் குரைப்பு. பூப்பிடித்த தன் செடிகளுக்கு நடுவே ஒரு மிருகம் இரவு பகலாக இங்குமங்கும் ஓடுவதை அவர் மனக்கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

"நீ ஒருத்தி மட்டும் போ. எங்க எடுத்தியோ அங்க வெச்சுட்டு உடனே வெளிய வா. ஒரு கெளை ஆடக்கூடாது. வேற எவன் கால் வெச்சாலும் நாளைக்கு அவனுக்கு இங்க வேலையில்ல." ரைட்டரிடம் திரும்பினார். "ரெண்டு பக்கமும் வாட்ச்மேன நிறுத்துய்யா. பூ கருகுற வரைக்கும்."

அந்தக் கேளையின் மேல் ஊருக்கே இரக்கம் இருந்தது. இரக்கம் சுற்றி உட்கார்ந்திருந்த வரை அது தன் குட்டியை நெருங்க முடியவில்லை. அதன் மேல் எள்ளளவும் இரக்கமில்லாத ஒருவர், தன் காப்பிக் கொட்டையை நினைத்து, எல்லோரையும் விரட்டினார். கடைசியில் உருப்படியான உதவி என்று நடந்தது இது ஒன்றுதான்.

அவள் உள்ளே போனாள். வழியின் மேல்முனையில் வாட்ச்மேனுக்குப் பின்னால் லைனே நின்றது. குட்டிக்குப் பெயர் வைத்தவர் தன்னை மட்டுமாவது உள்ளே விடும்படி கேட்டார். "தொரகிட்ட கேளு" என்றார் வாட்ச்மேன். அவள் சேலையை உடம்போடு சுருட்டிக்கொண்டு, பக்கவாட்டில், மெதுவாகப் போவது தெரிந்தது. குரைப்பு நெருக்கமாயிற்று, பிறகு நின்றது. அவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. வந்ததும் குரைப்பு மறுபடியும் தொடங்கியது.

"பாத்தியா, சேத்துக்கல" என்றார், காலையில் மனிதக் கையைப் பற்றிச் சொன்னவர்.

 வாட்ச்மேன் எல்லோரையும் போகச் சொன்னார். நான் வீட்டுக்குப் போய்க் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இருட்டு விழும் நேரத்தில் குரைப்பு நின்றது. அன்றிரவு மறுபடியும் கேட்கவில்லை. குரைப்பு நிற்க இரண்டு காரணங்கள் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். இரண்டில் எது என்பதை உறுதி செய்ய உள்ளே போக வேண்டும், போக முடியாது. செய்தியாளன் என்ற முறையில் அன்று அனுப்ப என்னிடம் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை காடு வெள்ளையாகிவிட்டது. பூவின் வாசனை சாலை வரை வந்தது. வழியின் இரு முனையிலும் முள்கம்பி. லைன் மக்கள் கோயிலுக்கு எஸ்டேட் ரோட்டில் மலையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பூசைக்குப் பிந்திவிட்டது. அவள் பிள்ளைகளோடு கொஞ்சம் பின்தங்கி வந்தாள். முன்னால் போனவர்கள் அவள் காதில் விழும்படி பேசிக்கொண்டு போனார்கள்.

"மானுக்கு வழி வுட்டாச்சு. மனுசனுக்குத்தான் வழியில்ல" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "ஏம்புள்ள, அந்தக் கேளை நாளைக்கு உனக்குக் கூலி குடுக்குமா?"

"கேட்டுப் பாக்கறனுங்கக்கா. நீங்க குடுக்கறதவிட அதிகமாத்தான் குடுக்கும்" என்றாள் அவள்.

"வாயப் பாரு. ஓடைக்கிட்டன்னு சொன்ன வாயி."

"அத நாயின்னு சொன்ன வாயி உங்களுதுதானுங்கக்கா."

அதற்கு முன்னால் போன கூட்டத்தில் இருவர் சிரித்தார்கள். ஆனால் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள யாரும் பின்தங்கவில்லை. அவள் தன் ஒருத்தி பெயரை மட்டும் சொன்னாள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதை ரைட்டரே சொல்லிவிட்டார். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் மனிதர்களுக்குக் கோபம் வருவதை அந்த ரோட்டில் நெருக்கமாகப் பார்த்தேன். அது சேலத்திலும் உண்டு. அங்கே கொஞ்சம் மறைத்து வைப்பார்கள்.

பூ கருகிற்று. பிஞ்சு பிடித்தது. தடை எடுக்கப்பட்டது, கம்பி எடுக்கப்படவில்லை. அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மறுபடியும் காட்டுக்குள் போன ஆட்கள் பலாமரத்தடியில் போய்ப் பார்த்தார்கள். சருகு அமுங்கிய ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். ரத்தம் இல்லை, முடி இல்லை. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் என் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் நடை தளர்ந்து, கொல்லைப்பக்கம் ஒரு பார்வை போகும்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, பனிமூட்டம் சுவரோடு நின்றிருந்தது. கல்யாண முருங்கையடியில் பெட்டை நின்றிருந்தது. பூக்காலம் முடிந்துவிட்டதால் பொறுக்கப் பூ இல்லை. காப்பிச் செடிகளுக்கு இடையில் முளைத்திருந்த புல்லின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னங்காலுக்கும் வயிற்றுக்கும் நடுவே புள்ளியிட்ட ஓர் உருவம் தலையை மேல்நோக்கி முட்டி முட்டி ஆடியது. பெட்டை கழுத்தை வளைத்து அதன் முதுகை நக்கியது. சற்றுத் தள்ளி ஒரு கிடா, யாரோ தன்னை மதிக்கவில்லை என்ற முகத்தோடு, ஒரு சில்வர் ஓக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பின்வாங்கி வீட்டுக்குள் வந்துவிட்டேன். அதுவே அந்தக் கேளைக்கு நான் செய்த முதல் உதவி.

வேலைக்குப் போகும் கூட்டம் ரோட்டில் வந்தபோது வாசலில் நின்றேன். அவள் கடைசியில் வந்தாள்.

"இருக்குது" என்றேன். "ரெண்டும்."

அவள் நின்றாள். "பாத்தீங்களா? நீங்களே?"

"நானே பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம்."

"பால் குடிச்சுதுங்களா?"

"குடிச்சுது."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, நெற்றி வியர்வையைத் துடைத்தாளா என்று சொல்ல முடியாது, சேலைத் தலைப்பு இரண்டிலும் பட்டது. பிறகு முன்னால் போகிறவர்களைப் பார்த்து உரக்கக் கத்தினாள்:

"அக்கா! குடிக்குதாமாங்க்கா!"

பக்கத்து வீட்டுக்காரி திரும்பாமலே கையை மேலே தூக்கி ஆட்டினாள்.

"குடிக்கட்டும், குடிக்கட்டும். நீ வெரசலா வா. சுத்திட்டுல்ல போவணும்."